ரொட்டி வாங்கிய வீடு

எதிர்வீட்டு அன்னத்தாய் எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் தெருவிலேயே குரல் கொடுத்துவிடுவாள். அவளுக்கு முன்னால் அவள் சத்தம் வந்து நாற்காலியில் உட்காரும். அன்றைக்குக் காலையில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கூடத்தில் நிற்கிறாள். ஒரு கையில் ரொட்டிப் பாக்கெட், இன்னொரு கையில் ஆரஞ்சுப் பழப் பை. முகம் தொங்கிப்போய்க் கிடந்தது.

வைகாசி கழிந்து ஆனி பிறக்கிற சமயம். ஆரல்வாய்மொழியில் அப்போது அடிக்கிற காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் காலண்டர் பறந்துவிடும். எல்லாவற்றையும் சாத்தி வைத்திருந்ததால் வீடு முழுக்க நெய் வாசனையும் ஏலக்காய் வாசனையும். அடுக்களையில் என் வீட்டுக்காரர் முட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை எங்க அக்கா?” என்றாள் அன்னத்தாய்.

“மாடியில. கம்ப்யூட்டர்ல வேலை பாத்துட்டு இருக்கா.”

“இந்த நெலமையிலயுமா?”

“எந்த நெலமையில?”

அவள் ரொட்டியை மேசைமேல் வைத்தாள். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். “நீங்க தைரியமா இருக்கணும் அக்கா. நீங்களே ஒடஞ்சு போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?” என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ‘போயிட்டு வாரேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ‘போயிட்டு வாரேன்’ சொல்லாமல் இறங்கினால் அது துட்டி வீடு, சாவு விழுந்த வீடு என்று அர்த்தம். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. சவத்துக்குக் காலங்காத்தாலே கோட்டி பிடித்துவிட்டதா என்று முணுமுணுத்தபடி ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். “ரொட்டியா கொண்டு வந்தா? நல்லதாப் போச்சு. நாளைக்கு எடுத்துக்கலாம்” என்றார். அவருக்கு அவ்வளவுதான் கவலை.

போன வாரம் என் மாமியாரின் மூக்குப்பொடி டப்பாவைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியதற்குக் கொழுந்தன் கோபித்துக்கொண்டு என் போனை எடுப்பதில்லை. இந்த வாரம் அவர் அண்ணனுடைய முறை. இரண்டு பேரும் சேர்ந்தே கோபித்துக்கொள்ளட்டும், எனக்கும் வேலை மிச்சம்.

நானும் ரிட்டையர்டு

என் வீட்டுக்காரர் சர்வேயராக இருந்தவர். தாலுகா தாலுகாவாக வெயிலில் நின்று அடுத்தவன் நிலத்தை அளந்தவர். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்ததும் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, “அப்பாடா, இனி காலையில எந்திரிக்க வேண்டாம்” என்றார்.

எனக்கு வெப்ராளம், வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நானும் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து, அவருக்கு முன்பே ஓய்வு பெற்றவள்தான். எனக்கும் மாலை போட்டார்கள். ஆனால் மறுநாள் காலையில் புட்டுக்கு மாவு நனைத்தது நான்தான். ஆபீஸ் போயிற்று, அடுக்களை போகவில்லை.

“இஞ்ச பாருங்க. நாளைக்கு முதல் காலைச் சாப்பாடு உங்க பொறுப்பு. நான் எந்திரிக்க மாட்டேன்” என்றேன்.

சிரித்தார். மறுநாள் வெயில் ஏறும்வரை நான் போர்வையை விட்டு வெளியே தலை நீட்டாதபோது சிரிப்பு நின்றது. நான் ஒன்றும் கல்மனசுக்காரி இல்லை. எனக்கும் பசித்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதலில் புட்டு. குழலைத் தள்ளினால் சிமெண்டுக் கட்டி மாதிரி தட்டில் விழுந்து உருண்டது. அடுத்தது தோசை. ஊர் நிலத்துக்கெல்லாம் எல்லை போட்ட மனுஷன் கல்லில் ஒரு வட்டம் போடத் தெரியாமல் நின்றதைக் கட்டிலில் படுத்தபடியே ரசித்தேன். இடியாப்பத்தைப் பற்றி எழுதினால் குடும்பத்தில் குழப்பம் வரும், அதனால் விட்டுவிடுகிறேன்.

கடைசியில் என் மகள் தீபாதான் பரிதாபப்பட்டு, போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். “அப்பா, இது பிரெஞ்சு டோஸ்ட். ரொட்டிய முட்டையிலயும் பாலுலயும் முக்கிச் சுடணும். அவ்வளவுதான்.”

“பிரெஞ்சுக்காரன் காலையில இதையா திங்கான்?” என்றார் அவர் மரியாதையோடு.

“அவன் புட்டும் பயறும் மட்டிப்பழமும் கண்டானா? கண்டிருந்தா இதத் திம்பானா?” என்றேன் நான். யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் நாள் தேங்காய் எண்ணெயில் சுட்டார். எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தான், வேறு ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தோன்றவில்லை. பப்படம் பொரித்த சட்டியில் கேக் விழுந்தால் என்ன வாசனை வருமோ அந்த வாசனை வந்தது. ரொட்டியும் அன்றைக்கு வாங்கிய புது ரொட்டி, பாலில் போட்டதும் குழைந்து கஞ்சியாகிவிட்டது. சட்டுவத்தால் அள்ளி அள்ளிக் கல்லில் வைத்தார். அதைத் திருப்பிப்போட அவர் பட்ட பாட்டுக்கு ஒரு ஏக்கர் அளந்திருக்கலாம்.

ஆனால் விடவில்லை. எண்ணெய் போய் நெய் வந்தது. பட்டைப் பொடி போய் ஏலக்காய் வந்தது. “பச்சை ரொட்டி பால் தாங்காது. இன்னைக்கு வாங்கினது நாளைக்குத்தான் ஆகும்” என்று எல்லைக்கல் நடுகிற மாதிரி ஒரு சட்டம் போட்டார். அதன்படி தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரிக்கு நடந்துபோய் ஒரு ரொட்டி வாங்கி வருவார். காலையில் முக்கோணமாக வெட்டி, ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் சுட்டு, மேலே சர்க்கரை தூவித் தட்டில் வைப்பார்.

நன்றாகத்தான் இருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

காய்ச்சல் பலகாரம்

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பேக்கரி ரொட்டி என்பது சாப்பாடு இல்லை, மருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. காய்ச்சல் வந்தவனுக்கு ரொட்டி. வயிற்றுப்போக்குக்கு ரொட்டி. ஆபரேசன் முடிந்தவனுக்கு ரொட்டி. தீனம், அதாவது நோய், விசாரிக்கப் போகிறவர்கள் கையில் ரொட்டியும் ஆரஞ்சும் இல்லாமல் போனால், பேசப்போன இடத்துக்கு வாயை மறந்துவிட்டு வந்த மாதிரி.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரொட்டி தின்பதற்காகவே காய்ச்சலுக்கு ஆசைப்பட்டிருக்கிறேன். என் அண்ணன் ஒருபடி மேலே போய், வெந்நீர்ச் செம்பை நெற்றியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு அம்மாவிடம் போய் நின்றான். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஊசி போட்டார்கள். ரொட்டியும் கிடைத்தது. உட்கார முடியாமல் நின்றுகொண்டே தின்றான்.

என் சித்தப்பா ஒருத்தர் குடலிறக்க ஆபரேசனுக்குப் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ரொட்டி கட்டில் தலைமாட்டில் உயர்ந்துகொண்டே போனதைப் பார்த்து அவருக்கே பயம் வந்துவிட்டது. “இவ்வளவு ரொட்டி வருதுன்னா டாக்டர் எங்கிட்ட எதையோ மறைக்காரு” என்று சித்தியைப் பிடித்து உலுக்கினார். அந்த மனுஷன் அதற்குப்பிறகு வெகுகாலம் இருந்து, எல்லாரையும் படுத்தி எடுத்துவிட்டுத்தான் போனார்.

ஆக, ஒரு ஆள் தினமும் சாயங்காலம் ரொட்டிப் பாக்கெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து தெரு முழுக்க நடந்து வந்தால் ஊர் என்ன நினைக்கும்? இத்தனை தெரிந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் ரொட்டி பலகாரமாகிவிட்டது, ஊரில் அது இன்னும் மருந்துதான் என்பதை மறந்துபோனோம்.

தோவாளையிலிருந்து போன்

தீபாவுக்கு முப்பது ஆகப்போகிறது. பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டு மாடியில் இருந்தே பார்க்கிறாள். காலையில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். அவளுக்கு வந்த வரன்களில் ஒன்று அவள் போட்டிருக்கிற கண்ணாடிக்காகப் போயிற்று. இன்னொன்று ஜாதகத்துக்காகப் போயிற்று. அதற்கப்புறம் “யார் முன்னாலயும் நான் சேலை கட்டிட்டு வந்து நிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் தோவாளையிலிருந்து தாணு வந்தான். பூ மார்க்கெட்டில் மொத்தக் கடை. பெண் பார்க்க வந்தவன், “உங்களுக்கு எந்தப் பூ பிடிக்கும்?” என்று கேட்டான். இவள், “பூ வச்சா எனக்குத் தலை வலிக்கும்” என்று பட்டென்று சொன்னாள். பூக்கடைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். “எனக்குந்தான். வெளிய சொல்லாதீங்கோ” என்றான். அன்றைக்கு மாடிக்குப் போன என் மகள் பாட்டு முணுமுணுத்ததை நான் கேட்டேன். ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேசி வைத்தோம்.

அன்னத்தாய் ரொட்டியோடு வந்த அதே நாள் மத்தியானம் தாணுவின் அம்மை போன் செய்தாள்.

“மைனி, ஆவணியில வேண்டாம்னு தோணுது. கொஞ்சம் தள்ளிப் போடுவோம். நேரம் சரியில்லன்னு சோசியர் சொன்னாரு.”

“எதுவரைக்கும் மைனி?”

“அது… பாத்துச் சொல்லுகேன். நீங்க பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுங்கோ.”

கடைசி வாக்கியம் எனக்கு அப்போது விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். தீபாவிடம் சொன்னபோது அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலும் ரொட்டி வந்தது. பின்தெருவிலிருந்து ஒரு வீடு, கோயில் பக்கத்திலிருந்து ஒரு வீடு. வந்தவர்களில் ஒருத்தி சுற்றி வளைக்காமல் கேட்டாள். “மஞ்சக்காமாலைன்னும் சொல்லுகாவ, கிட்னின்னும் சொல்லுகாவ. எது அக்கா சரி?”

“யாருக்கு?”

“தீபாவுக்குத்தான். அண்ணாச்சியே பேக்கரியில சொன்னாராமே.”

நான் அப்படியே அடுக்களைக்குள் திரும்பினேன். வீட்டுக்காரர் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

‘பிள்ளைக்குத்தான்’

விசாரணையில் வெளிவந்தது இது. தினமும் ரொட்டி வாங்குவதைப் பார்த்து, பேக்கரிக்காரர் “யாருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறார். காலைச் சாப்பாடு நான் செய்கிறேன் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. கடையில் டீ குடித்துக்கொண்டு நாலு பேர் நிற்கிறார்கள், அதில் இரண்டு பேர் இவரிடம் வேலை பார்த்தவர்கள். அதனால் “பிள்ளைக்குத்தான்” என்றிருக்கிறார். அவர் “பாத்துக்கோங்க அண்ணாச்சி” என்றாராம். இவர் “பாத்துக்கிடுதேன்” என்றாராம்.

“உங்களுக்கு வெக்கமா இல்லியா?” என்றேன்.

“வெக்கமா இருந்ததுனாலதான அப்பிடிச் சொன்னேன்” என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது?

பேக்கரியிலிருந்து செய்தி தோவாளைக்குப் போக வழியா இல்லை? எங்கள் பக்கத்திலிருந்து விடியுமுன்னே பூக்கூடையோடு பஸ் ஏறுகிற பெண்கள் எத்தனை பேர். கூடையில் பிச்சி அரும்பு, மடியில் எங்கள் வீட்டுச் செய்தி.

தீபா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அம்மா, தோவாளையிலேருந்து அவரு தெனமும் மெசேஜ் போட்டுக் காலையில என்ன சாப்பிட்டன்னு கேப்பாரு. நானும் தெனமும் ரொட்டின்னுதான் சொல்லுவேன்” என்றாள்.

“அடிப்பாவி.”

“ஒடம்பு எப்பிடி இருக்குன்னும் கேட்டாரு. நல்லா இருக்குன்னேன். நான் மறைக்கேன்னு நெனச்சிருப்பாரு.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. நானும் சிரித்துவிட்டேன். உடனே, “எடு போனை. தீனமும் இல்ல ஒரு மண்ணும் இல்லன்னு எழுது. நான் அவிய அம்மைக்கிட்ட பேசுகேன்” என்றேன்.

“வேண்டாம்.”

“என்னட்டி வேண்டாம்?”

“தீனம்னு கேட்டதும் அவிய அம்மை தள்ளிப் போடச் சொல்லிட்டாவ. சரி, அவிய சொல்லட்டும். அவரு என்ன சொல்லுகாருன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு நெசமாவே எனக்கு ஒண்ணு வந்துதுன்னா?”

“ஒண்ணுஞ் சொல்லாமலே இருந்துட்டான்னா?”

“அப்பம் அது இப்பமே தெரிஞ்சது நல்லதுதானம்மா.”

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. கத்தினேன். உனக்கு வயசு என்ன ஆகிறது தெரியுமா என்று கேட்டேன். “தெரியும்” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டாள். அந்த நாள் முழுவதும் அவளுக்கு மெசேஜ் எதுவும் வரவில்லை. அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள், ஆனால் அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடவுளே, இந்தப் பையன் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும் என்று அடுக்களைச் சுவரில் சாய்ந்து வேண்டிக்கொண்டேன்.

வந்தவன்

அடுத்த நாள் காலை. மேசையில் ஊரார் கொண்டுவந்த ரொட்டி குவிந்து கிடந்தது. அது கெட்டுப்போகுமுன் தீர்க்க வேண்டுமென்று வீட்டுக்காரர் பெரிய கிண்ணத்தில் முட்டை அடித்துக்கொண்டிருந்தார். ஊர் சொல்வதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை, அவருக்கு ரொட்டிதான் கவலை. வாசலில் பைக் வந்து நின்றது.

தாணு. மார்க்கெட் முடிந்து நேரே வந்திருக்கிறான். சட்டையெல்லாம் ஈரம், காலரில் அரளி இதழ் ஒட்டியிருந்தது. கையில் ரொட்டி இல்லை, ஆரஞ்சு இல்லை, ஒன்றும் இல்லை.

“வாங்க மாப்ள” என்று அடுக்களையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், கையிலிருந்த சட்டுவத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதிலிருந்து நெய் சொட்டித் தரையில் விழுந்தது.

தாணு உட்காரவில்லை. “மாமா, அம்மை போன் பண்ணினது எனக்கு நேத்துதான் தெரியும். வீட்டுல சண்டை போட்டுட்டு வாறேன். தள்ளிப் போட வேண்டாம். ஆவணி வரைக்கும் நிக்கவும் வேண்டாம். இந்த ஆனியிலேயே முடிச்சிருவோம். ஆடி பொறந்துட்டா பின்ன ஒண்ணுஞ் செய்ய முடியாது. குமாரகோவில்ல கேட்டுட்டேன், முகூர்த்தம் இருக்கு.”

“என்ன மக்கா இவ்வளவு அவசரம்?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரியில நான் கூட நிக்கணும் அத்தை. இப்பம் போய் நின்னா ‘நீங்க யாரு’ன்னு கேப்பாவ. நான் என்ன சொல்லுவேன்? பூக்கடைக்காரன்னா சொல்லுவேன்?”

அடுக்களையில் கல்லில் கிடந்த ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. அதை எடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

தீபா மாடிப்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. “எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள்.

“நீ அப்பிடித்தான் சொல்லுவே” என்றான் அவன். அன்றுவரை ‘நீங்க’ என்று கூப்பிட்டவன்.

“நெசமாவே ஒண்ணும் இல்ல. அப்பா காலையில பலகாரம் செய்யுகதுக்கு வாங்கின ரொட்டி அது. ஊரு என்னத்தையோ சொல்லிட்டு. அப்பா, நீங்க சொல்லுங்கப்பா.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கருகியதை ஒதுக்கிவிட்டு நல்லதாக இரண்டைத் தட்டில் வைத்து, கூடத்துக்குக் கொண்டுவந்து நீட்டினார். “நான்தான் சுடுகேன் மாப்ள. தெனமும் நான்தான்” என்றார். பேக்கரியில் சொல்ல முடியாததை மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார்.

தாணு தட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். தீபாவைப் பார்த்தான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பெரிய ஆள், தோளில் பூ மூட்டை தூக்குகிறவன், குலுங்கிக் குலுங்கி அழுதான். தீபா படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் கண்ணாடிக்குள் நீர் முட்டிவிட்டது. நான் அடக்கவெல்லாம் பார்க்கவில்லை, நன்றாகவே அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தீபாவிடம், “அப்பம் முகூர்த்தம்? சொல்லி வச்சிட்டேனே” என்றான்.

“அதான் தீனம் இல்லியே. பின்ன என்ன அவசரம்?” என்றாள் இவள். கொழுப்பு என்றால் இவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவன் என் பக்கம் திரும்பினான். “அத்தை, தீனம் இல்லேன்னா எனக்குக் கெட்டித் தரமாட்டியளா?”

ஆனி முடிவதற்குள் குமாரகோவிலில் தாலி கட்டினான். சண்டை போட்ட கோபம் தீராமல் அவன் அம்மை வந்திருந்தாள். கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, என் மகளின் கீழ் இமையை விரலால் இழுத்து உள்ளே மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன். நன்றாகப் பார்க்கட்டும். இனி என் மகளுக்கு எது வந்தாலும், பக்கத்தில் நிற்கிறவனை யாரென்று கேட்டால் சொல்ல அவனுக்கு ஒரு பதில் இருக்கிறது.